பாட்டு ஆட்டத்திலேயே இருக்கு!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நன்கொடை பற்றிப் பேசச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டே வந்தேன். நல்லவேளை, 2023-இல் நம் பெண்கள் கபடி அணியின் விளம்பரப் படத்துக்கு இசை தேர்ந்தெடுத்த கதையைச் சொல்லச் சொன்னார்கள். கதை என்னவோ என் தோல்வியில்தான் ஆரம்பிக்கிறது.

படம் ஒன்றரை நிமிடம். ஆள் சேராமல், அணியையே கலைத்துவிடலாமா என்ற பேச்சு எழுந்திருந்த நேரம் அது. பள்ளி முடித்து வரும் பெண்கள் பார்த்துவிட்டுத் தேர்வுக்கு வர வேண்டும். ஒலிக்கு நான் பொறுப்பு. என் காலத்தில் விடுதி முழுக்க ஒலித்த ஒரு சினிமாப் பாட்டைத் தூக்கிப் போட்டேன். அணித் தலைவி பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அண்ணா, பாட்டு சூப்பர். ஆனா கேட்டா அந்த ஹீரோதான் ஞாபகத்துக்கு வர்றாரு. நாங்க வரல."

சுருக்கென்றது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரு பாட்டில் வரிக்கு, மெட்டுக்கு, ஒலிப்பதிவுக்கு என்று தனித்தனி உரிமை உண்டு. பாரதியார் எழுத்துகளின் உரிமையை 1949-இல் அன்றைய சென்னை அரசு வாங்கி, பிறகு மக்களுக்கே பொதுவாக்கியது. அதற்காக, சினிமாவில் வந்த பாரதி பாட்டின் ஒலிப்பதிவை நாம் எடுத்துப் போட்டுவிட முடியாது. 'பத்து விநாடிதானே' என்பீர்கள். இத்தனை விநாடி வரை இலவசம் என்று நம் சட்டத்தில் ஒரு கணக்கும் கிடையாது.

மறுநாள் மாலை கேமரா இல்லாமல் மைதானத்தில் போய் உட்கார்ந்தேன். எதிரணிக்குள் போவதை நாம் என்ன சொல்கிறோம்? 'பாடிப் போறது'! பாட்டு ஆட்டத்திலேயே இருக்கு. இது உறைக்க எனக்கு இத்தனை வருஷம் ஆச்சு.

பிறகு வேலை சுலபம். ஒருமுறை பாடிப் போக 30 விநாடி. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் பறை அடித்தால் சரியாக 60 அடி. நாலு அடிக்கு, அதாவது 2 விநாடிக்கு ஒரு காட்சி மாறும். நம் மாணவர்களே பறையைத் தீயில் காய்ச்சி அடித்தார்கள். அதைப் படத்தில் சேர்க்க எழுத்தில் சம்மதமும் வாங்கிக்கொண்டோம்.

முதல் 10 விநாடி இசையே இல்லை. 'கபடி, கபடி' என்கிற மூச்சும் மண்ணில் கால் உரசும் சத்தமும் மட்டும். நடுக்கோட்டைத் தாண்டும்போது பறை தொடங்கும். பிடி விழும் இடத்தில் சட்டென்று நிற்கும். அந்த மௌனத்தில் அவர்கள் மூச்சு வாங்குவது கேட்கும்.

தேர்வு நாளில் ஒரு பெண்ணிடம் ஏன் வந்தாய் என்று கேட்டேன். "எங்க ஊர் மைதானத்துச் சத்தம் மாதிரியே இருந்துச்சுண்ணா" என்றாள். அணி கலையவில்லை.

அடுத்து வாலிபால் அணிக்குப் படம் எடுக்கப் போறீங்களாம். தம்பி தங்கைகளே, பாட்டு தேடி செல்போனைத் தடவும் முன்னால் ஒரு சாயங்காலம் மைதானத்துக்குப் போய்க் காது கொடுத்துக் கேளுங்கள். அங்கே கேட்காததை மட்டும் வெளியில் தேடுங்கள்.