சுகாதார ஊழியரைக் காப்போம்
(ஜொகூர் தோட்டமொன்றில் ஆற்றிய உரை)



2024 நவம்பர் 13ஆம் நாள், சென்னை கிண்டியிலுள்ள கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பணியிலிருந்தபோதே கத்தியால் குத்தப்பட்டார். கைதானவர், அம்மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற தாயொருத்தியின் மகன். தாய்க்குச் சரியான வைத்தியம் செய்யப்படவில்லை என்ற எண்ணமே சினமாக மூண்டது. மருத்துவர் நல்வாய்ப்பாக உயிர் பிழைத்தார்.

சுகாதார ஊழியருள் 100க்கு 8 முதல் 38 பேர் வரை தம் பணிக்காலத்தில் தாக்கப்படுகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வசைமொழி கேட்போர் இன்னும் மிகுதி.

இச்சினம் பெரும்பாலும் காத்திருக்கும் இடத்திலேயே பிறக்கிறது. 'நாம் முந்தி வந்தோம். பிந்தி வந்தவரை அழைக்கிறார்களே' என்று மனம் கொதிக்கிறது. நம் அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில், வந்த வரிசையை விட நோயின் கடுமையே முதலில் கவனிக்கப்படும். உயிருக்கு ஆபத்தெனில் சிவப்பு, அடுத்தது மஞ்சள், காத்திருக்கக் கூடியவர்க்குப் பச்சை. இன்று பச்சையில் அமர்ந்திருக்கும் நமக்கே நாளை சிவப்பு தேவைப்படலாம் அன்றோ?

ஐயமிருப்பின் அமைதியாகக் கேட்போம். குறையிருப்பின் எழுதிக் கொடுப்போம். கடமையிலுள்ள அரசாங்க ஊழியரைத் தாக்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் மறவாதிருப்போம்.

பிள்ளை பெற்ற தாயைப் பார்க்க லயத்திற்கு வரும் தாதியைக் குடித்தவர் வழிமறித்தால், நாம் வேடிக்கை பார்த்து நிற்கலாகாது. நாயைக் கட்டி வைப்போம். வீடு வரை துணை செல்வோம். அவர் அஞ்சி வராது நின்றால், துன்புறுவது நம் பச்சிளங் குழந்தையே.

கத்தி ஆழப் பதிந்தால் பால்மரத்தில் காயம் விழும். அவ்விடத்தில் பட்டை மீண்டும் சீராக வளராது. மனிதரும் அவ்வாறே.