குரங்கு கற்ற பேரம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இந்தோனேசியாவின் பாலித் தீவில் உலுவாட்டு என்றொரு கோயில். அங்குள்ள நீள்வால் குரங்குகள், வருகிறவர்களின் மூக்குக்கண்ணாடி, தொப்பி, செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடும். ஊழியர் பழமோ முட்டையோ நீட்டினால்தான் பொருள் திரும்ப வரும்!

2021-ல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது: நாலு வயசு வரை குட்டிக்கு எது விலை உயர்ந்தது என்று தெரியாது, கிடைத்ததை எடுக்கும். வளர்ந்த குரங்கோ செல்போனாகப் பார்த்து எடுக்கும். நல்ல தீனி வரும்வரை விடாது. குரங்குக்கு செல்போன் எதுக்குங்க? அதை இழந்தவர் தவிப்பார், தீனி கூடுதலாக வரும். அனுபவம் தந்த பாடம் அது.

ஆனால் பாருங்கள், குரங்கு எதையும் உண்டாக்கவில்லை. நம்முடையதையே நமக்கு விற்கிறது. தம்பிகளே, நாளை உங்கள் பில்லை மேசையில் வைத்துக்கொண்டு கை நீட்டுகிறவரைச் சந்திப்பீர்கள். நீங்களே அந்த மேசையில் உட்காரும் நாளும் வரும். இரண்டு நாளிலும் ஒன்றை மறக்காதீர்கள்: ஒவ்வொரு தடவை பழம் கொடுக்கும்போதும், பார்த்துக்கொண்டிருக்கும் குட்டிகள் படிக்கின்றன.