குவாண்டம் ஆய்வும் தமிழ் வினைச்சொல்லும்

   

1. பழைய வழக்கு

புதிய குவாண்டம் ஆய்வைப் பொது வாசகருக்கு எப்படிச் சொல்வது? இதில் என் கட்சி என்னவென்று முன்வரிசை நண்பர்களுக்குத் தெரியும். கலைச்சொல் குழுவொன்றில் ஒரு பிற்பகல் முழுவதும், விலகியிருக்கும் துகள்களையும் தொடர்புபடுத்தும் குவாண்டம் உறவான 'என்டேங்கிள்மென்ட்' என்பதற்குப் பின்னலா, பிணைப்பா, சிக்கலா என்று வாதிட்டோம். நல்ல சொல் அமைந்தால் பொருள் தானே விளங்கும் என்றார்கள் மற்றவர்கள். அன்றே மறுத்தேன், எண்ணிக்கையில் தோற்றேன். இன்று ஒலிவாங்கி என்னிடம் இருக்கிறது. வாசகரை வழிதவறச் செய்வது பெயர்ச்சொல் அல்ல, அதன் பின்னால் நாம் போடும் வினைச்சொல்.

2. டெல்ஃப்ட் வைரங்கள்

2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஹான்சன் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். இதுபோன்றவற்றை 'ஒரு துகள் இன்னொன்றுக்கு நொடியில் செய்தி அனுப்பியது' என்று எழுதுவது நம் வழக்கம். 'அனுப்பியது' என்ற ஒரு வினை போதும், கட்டுரை முழுவதும் கெட்டுவிடும். அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

1,280 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆய்வகங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ -269 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்த ஒரு வைரச் சில்லு. அதன் படிகத்தில் ஒரு குறை: கார்பன் அணு இருக்கவேண்டிய இடத்தில் நைட்ரஜன், பக்கத்தில் ஒரு காலியிடம். அங்கே சிக்கிய எலெக்ட்ரானின் தற்சுழற்சியைத்தான் கையாண்டார்கள். லேசரால் தூண்டி ஒளித்துகள்களை வெளியிடச் செய்தார்கள். அவை ஒளியிழை வழியே ஓடி, நடுவிலிருந்த மூன்றாம் நிலையத்தில் சந்தித்தன. அங்கே உரிய விதத்தில் பதிவானால், தொலைவிலிருக்கும் எலெக்ட்ரான்கள் பின்னிக்கொண்டன என்று பொருள். மணிக்கு ஏறத்தாழ ஒரு முறைதான் அது வாய்த்தது. 18 நாட்களில் 220 மணி நேரம் காத்திருந்து 245 ஆட்டங்கள் சேர்த்தார்கள்.

ஆட்டம் என்றேன். இரண்டு தோழர்கள், தனித்தனி அறைகள். நடுவர் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்பார்; விடை ஆம் அல்லது இல்லை. இருவருக்கும் இரண்டாம் கேள்வியே வந்தால் விடைகள் மாறுபட வேண்டும். மற்ற மூன்று சேர்க்கைகளிலும் ஒத்திருக்க வேண்டும். முன்கூட்டி எப்படிப் பேசிவைத்தாலும் நான்கில் மூன்றுக்கு மேல் தேறாது. வீட்டில் தாளெடுத்துப் போட்டுப் பாருங்கள். 1964இல் ஜான் பெல் திறந்த வழி இது. பின்னிய துகள்களுக்கோ குவாண்டம் கோட்பாடு 100க்கு 85 வரை இடம் தருகிறது.

டெல்ஃப்டில் தோழர்களின் இடத்தில் எலெக்ட்ரான்கள்; கேள்வி என்பது எந்த அளவீடு என்பது, விடை அதன் முடிவு. கேள்வியைத் தற்செயலாகத் தேர்ந்தன கருவிகள். ஒளி 1,280 மீட்டரைக் கடக்க 4.27 மைக்ரோநொடி ஆகும். அதற்குள் கேள்வியும் விடையும் முடிந்தன; ஒளிவேகச் செய்திகூட இடையில் போயிருக்க முடியாது. 245 ஆட்டங்களில் 196 வெற்றி. 100க்கு 80.

'ஒரு பெட்டியில் இடக்கால் செருப்பு, மறுபெட்டியில் வலக்கால் செருப்பு' என்னும் உவமையை, பின்னிய துகள்களை விளக்க நண்பர்கள் இன்னும் வகுப்பில் சொல்கிறார்கள். செருப்பு முன்பே பேசிவைத்த விடை, 100க்கு 75ஐத் தாண்டாது. இனி 'அனுப்பியது' என்பதைப் பாருங்கள். ஓர் ஆய்வகத்தின் விடைப்பட்டியலை மட்டும் படித்தால் காசு சுண்டிப்போட்டதுபோல் இருக்கும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்த பிறகே ஒழுங்கு தெரியும். அப்படியானால் அங்கே சென்ற செய்தி எது? 'அனுப்பியது' தவறு, 'இசைந்தன' என்பதே சரியான வினை.

3. ஐயத்தின் வினை

முன்னேற்பாடு மட்டுமே இருந்தாலும், டெல்ஃப்டில் கண்ட அளவு வெற்றி தற்செயலாய் வர 100க்கு 4 வாய்ப்பு உண்டு. எனவே முன்னேற்பாட்டின் பக்கம் நின்ற 'ஐன்ஸ்டைன் வீழ்ந்தார்' என்று எழுத இந்த ஒரு சோதனை போதாது. அதே ஆண்டில் வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் ஒளித்துகள்களைக் கொண்டு செய்த சோதனைகள்தாம் முடிவை உறுதியாக்கின. வலுத்தது வேறு, உறுதியானது வேறு. தமிழில் இரண்டும் உண்டு.

4. இனி

இனிச் செய்யவேண்டியவை சில. குவாண்டம் கணினி 'எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயல்கிறது' என்பதில் 'முயல்கிறது' சரியா என்று யாராவது விரித்தெழுத வேண்டும். மாணவர்கள் ஆய்வுக் கட்டுரைகளின் முடிவுரையை விட்டுச் செய்முறைப் பகுதியை முதலில் தமிழாக்கலாம். பெ.நா. அப்புசாமியின் அறிவியல் கட்டுரைகளில் வினைகள் ஆளப்பட்ட விதம் நல்ல ஆய்வேட்டுப் பொருள். வினைகளுக்கென ஒரு சிறு கையேடும் வேண்டும். பின்னலா, பிணைப்பா என்பதைக் குழு முடிவுசெய்து தெரிவிக்கட்டும், எதுவானாலும் எழுதுகிறேன்.