கேன்ட் சார்ட்டில் எந்த ஸ்கேல், யாருக்கு?

கேன்ட் சார்ட்டைத் திறந்தா எல்லாரும் பார்களைத்தான் பார்ப்போம். அதுக்கு மேலே தேதி போட்டிருக்கிற பட்டை, அதாவது டைம்ஸ்கேல், அதை யாரும் கண்டுக்கிறதில்லை. ஆனா ஒரு தாமதம் மீட்டிங்கில் கண்ணில் படுமா படாதா என்பதைப் பல நேரம் அதுதான் தீர்மானிக்குது.

அடுக்குமாடிக் கட்டட வேலையை எடுத்துக்குங்க. ஒவ்வொரு தளத்துக்கும் சென்ட்ரிங் அடிக்கணும், கம்பி கட்டணும், கான்கிரீட் போடணும். கம்பி வேலை மூணு நாள் தள்ளிப் போகுதுன்னு வைங்க. நாள் ஸ்கேலில் அது மூணு கட்டம், பளிச்சுனு தெரியும். காலாண்டு ஸ்கேலில் ஒரு கட்டமே சுமார் 90 நாள். மூணு நாள் அதில் முப்பதில் ஒரு பங்குதான். யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனா ஒவ்வொரு தளத்திலும் இப்படியே போனா, பத்தாவது தளம் முடியும்போது ஒரு மாசம் போயிருக்கும்.

நான் போன ஒரு ரிவ்யூவில் காலாண்டு ஸ்கேல்லயே சார்ட்டைக் காட்டினாங்க. பேஸ்லைனோட சேர்த்து வார ஸ்கேலுக்கு மாத்தச் சொன்னேன். அப்பதான் தளத்துக்குத் தளம் இடைவெளி கூடிக்கிட்டே போறது தெரிஞ்சது. பேச்சே மாறிடுச்சு.

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் அந்தப் பட்டை மேல ரைட் க்ளிக் பண்ணி ‘டைம்ஸ்கேல்’ கொடுங்க. மூணு அடுக்கு வரை வெச்சுக்கலாம். சைட் இன்ஜினியருக்கு நான் மேலே வாரம், கீழே நாள் வைப்பேன். வாடிக்கையாளருக்கு மேலே காலாண்டு, கீழே மாதம். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ரிவ்யூ நடந்தா, யூனிட்ஸில் வாரம், கவுண்ட்டில் 2. கட்டங்கள் ரொம்ப நெருக்கமா இருந்தா ‘சைஸ்’ சதவீதத்தைக் கூட்டினாலே போதும்.

பில்லிங் பேசற மீட்டிங்னா நிதியாண்டையும் கவனிக்கணும். எதையும் மாத்தலேன்னா ஜனவரி முதல் மார்ச் வரை ‘முதல் காலாண்டு’ன்னு காட்டும். நம்ம அக்கவுண்ட்ஸ்காரருக்கு அது நாலாவது காலாண்டு. ரெண்டு பேரும் வேற வேற மாசத்தை மனசில் வெச்சுக்கிட்டுப் பணம் பேசுவாங்க. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஷெட்யூல் போய் நிதியாண்டு தொடக்கத்தை ஏப்ரல் ஆக்குங்க. அப்புறம் டைம்ஸ்கேலில் ‘யூஸ் ஃபிஸ்கல் இயர்’ டிக் இருக்கான்னு பாருங்க.

அடுத்தது ‘நான்-ஒர்க்கிங் டைம்’. பொங்கலுக்கு முந்தின நாள் ஆரம்பிச்ச ரெண்டு நாள் வேலை, லீவு கழிஞ்சுதான் முடியும். பார் நீளமா தெரியும். “ரெண்டு நாள் வேலைக்கு இவ்வளவா?”ன்னு கேட்பாங்க. லீவை முதலில் காலண்டரில் போட்டுட்டு, அதோட நிழல் பாருக்கு முன்னால் வர்ற மாதிரி வெச்சா கேள்விக்கே இடமில்லை.

ஸ்கேலை மாத்தினா வேலையோட தேதி எதுவும் நகராது; மாறுறது பார்வை மட்டும்தான். அதனால தைரியமா மாத்துங்க. ஆளுக்கொரு வியூ காப்பி பண்ணித் தனிப் பெயரில் வெச்சுக்குங்க. ஸ்கேல் அந்தந்த வியூவோடவே இருக்கும். தேர்ந்தெடுக்கும்போது ஒரே கேள்வி போதும்: எத்தனை நாள் தாமதம்னா இவங்க உடனே ஒரு முடிவு எடுத்தாகணும்? அந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியற ஸ்கேலை வைங்க.