விடுவதற்கு மருந்து கேட்போம்



புகைப்பதால் வரும் கேடுகளைப் பற்றி இன்று நான் பேசப் போவதில்லை. திரையரங்கில் படம் தொடங்குமுன் அவற்றைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். கேடு தெரியாமல் இழுப்பவர் இன்று அரிது. விட நினைப்பவர் நம்மிடம் என்ன கேட்கலாம், கேட்டால் கொடுக்க என்ன வைத்திருக்கிறோம் என்பதே என் பேச்சு.

2016-17இல் நாடு முழுவதும் புகையிலைப் பழக்கம் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடந்தது. புகைப்பவர்களில் 55.4 விழுக்காட்டினர் விட்டுவிடும் எண்ணத்தில் இருந்தார்கள். அதற்கு முந்தைய 12 மாதங்களில் 38.5 விழுக்காட்டினர் முயன்றும் பார்த்திருந்தார்கள். அப்படி முயன்றவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பேர் எந்த உதவியும் இல்லாமல் தனியாகவே மல்லுக்கட்டியவர்கள். இந்தக் கடைசிச் செய்திதான் என்னை உறுத்துகிறது. துணையின்றி விடுபவர்களில் ஆறு மாதம், ஓராண்டு தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான்.

ஏன் யாரும் உதவி கேட்பதில்லை? "மனசு வெச்சா விட்டுடலாம்" என்று நாமே சொல்லிச் சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிட்டோம். சர்க்கரைக்கு மாத்திரை கேட்க வெட்கப்படாதவர் இதற்குக் கேட்கக் கூசுகிறார். புகையிலையிலுள்ள நிகோடினுக்குப் பழகிய மூளை அது கிடைக்காதபோது எரிச்சலையும் தூக்கமின்மையையும் தருகிறது. முதல் சில நாட்கள்தான் மிகக் கடினம். அந்த நாட்களைத் தாண்ட மருந்து இருக்கிறது.

நிகோடின் சூயிங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் பெரும்பாலும் சாதாரண சூயிங்கம்போல மளமளவென்று மெல்கிறார். நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போகிறது. தொண்டை எரிகிறது, விக்கல் வருகிறது. "இது நமக்கு ஒத்துக்காது" என்று துப்பிவிடுகிறார். மெதுவாக மென்று, வாயில் காரமாகச் சுருக்கென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். டீயோ காபியோ குடித்த கையோடு போட்டால் மருந்து சரியாக ஏறாது. கால் மணி நேரமாவது விட வேண்டும். டீயும் பீடியுமாகவே பொழுது விடியும் ஊரில் இதைத்தான் முதலில் சொல்லியாக வேண்டும். முறையாகப் பயன்படுத்தினால் வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. மருத்துவர் எழுதித் தரும் வரெனிக்லின் மாத்திரைக்குப் பலன் இன்னும் கூடுதல்.

கேட்க வைத்தால் மக்கள் கேட்பார்கள் என்பதற்குச் சான்றும் உண்டு. 2016இல் தில்லியில் தொடங்கிய 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசிச் சேவையின் எண்ணை 2018 செப்டம்பர் 1 முதல் புகையிலைப் பொட்டலங்களில் அச்சிட்டார்கள். அழைப்புகள் பல மடங்கு பெருகின. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும் இச்சேவை தொடங்க, தமிழிலும் பேச வழி பிறந்தது. ஆனால் நம் பெட்டிக்கடைகளில் சிகரெட் ஒன்றிரண்டாகத்தான் விலைபோகிறது. பொட்டலம் கடைக்காரரிடமே இருந்துவிடுகிறது. எண்ணும் அவரோடு நின்றுவிடுகிறது. அன்றாடக் கூலியில் ஒன்றிரண்டு வாங்குபவருக்கு அந்த எண் பேருந்து நிலையத்திலும் ரேஷன் கடைச் சுவரிலும் தெரிய வேண்டாமா?

தொலைபேசிக்கு முன்பே நேரடி உதவியும் வந்துவிட்டது: 2002இல் நாட்டில் முதலில் அமைந்த 13 புகையிலை நிறுத்த மையங்களில் அடையாறு புற்றுநோய் நிலையமும் ஒன்று. 2022இல் நிகோடின் மாற்று மருந்துகள் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் ஏறிய மருந்து கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரிக்கு வர, அங்கே அதைக் கேட்க ஆள் வேண்டும். முன்சொன்ன கணக்கெடுப்பிலேயே, மருத்துவரிடம் போன புகைப்பவர்களில் 48.8 விழுக்காட்டினருக்குத்தான் "விட்டுவிடுங்கள்" என்ற அறிவுரை கிடைத்திருக்கிறது. அறிவுரைக்கே இந்த நிலை என்றால் மருந்துச்சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, உங்கள் அப்பாவையோ அண்ணனையோ ரத்த அழுத்தத்துக்குக் காட்ட அழைத்துப் போகும்போது, அவர் தயங்கினாலும் நீங்கள் கேளுங்கள்: "டாக்டர், இவர் சிகரெட்டை விட மருந்து எழுதிக் கொடுங்கள். அடுத்து எப்போது வரவேண்டும்?" அங்கே மருந்து இல்லையென்றால், எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். அடுத்த மாதம் மாத்திரை வாங்கப் போகும்போதும் கேளுங்கள்.