ஐம்பதாயிரம்னா, என்ன ஐம்பதாயிரம்?

இன்னிக்கு எபிசோடு ஒரே ஒரு நம்பரைப் பத்தி. 50000. நான் எழுதின மெமரி கார்டு டிரைவர்ல இருந்த டைம்அவுட் அது.

கதை நடந்தது திருப்பூர்ல ஒரு நிட்டிங் யூனிட்ல. துணி பின்னுற மெஷின் ஒவ்வொண்ணுலயும் எங்க போர்டு இருக்கும். நிமிஷத்துக்கு எத்தனை சுத்து ஓடுதுன்னு எண்ணி எஸ்டி கார்டுல எழுதும்.

புது போர்டு மாத்தின வாரம், நைட் ஷிப்ட் கணக்குல நடுநடுவே சில நிமிஷங்களைக் காணோம். மெஷினை நிறுத்திட்டுத் தூங்கியிருப்பார்னு ஆபரேட்டர் அண்ணன் மேல சந்தேகம். நான் போனப்போ அவர் சொன்னார்: "மெஷின் நிக்கவே இல்லைங்க தம்பி. ரோலை எடை போட்டுப் பாருங்க." போட்டோம். எடை சரியா இருந்தது. பொய் சொன்னது என் போர்டு.

என்ன ஆச்சுன்னா, கார்டுல எழுதச் சொன்னா அது சில நேரம் உடனே முடிக்காது. உள்ளே பழைய பிளாக்கை அழிச்சு, டேட்டாவை இடம் மாத்தும். அதுவரைக்கும் டேட்டா லைனை லோவா பிடிச்சு, "நான் பிஸி"ன்னு சொல்லும். என் டிரைவர் "ரெடியா?"ன்னு 50000 தடவை கேட்கும். அப்புறம் அந்தப் பதிவையே விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடும்.

பழைய சிப் 48 மெகாஹெர்ட்ஸ். 50000 தடவை கேட்க சுமார் 400 மில்லிசெகண்ட் ஆச்சு. புது சிப் 120. கோடுல ஒரு எழுத்துகூட மாறலை, ஆனா அதே லூப் 160லயே முடிஞ்சிடுச்சு. எஸ்டிஹெச்சி கார்டு எழுத 250 மில்லிசெகண்ட் வரை எடுக்கலாம்னு ஸ்பெசிஃபிகேஷனே சொல்லுது. கார்டு மேல தப்பே இல்லை.

லினக்ஸ் கெர்னலும் இதுல அடிபட்டிருக்கு. எஸ்டி கார்டு ரைட்டுக்கு முன்னாடி 300 மில்லிசெகண்ட் வெச்சிருந்தாங்க. சில கார்டுகளுக்கு அது பத்தலை. 3 செகண்டா மாத்தி, காரணத்தைப் பக்கத்துலயே கமென்ட்ல எழுதிட்டாங்க. ரீடுக்கு இன்னும் 100 மில்லிசெகண்ட்தான். ரெண்டும் வேற வேலை, அதனால வேற நம்பர்.

நானும் அதையே செஞ்சேன். லூப்பை எண்ணுறதை விட்டுட்டு டைமரைப் பார்த்தேன். ரீடுக்கு ஒண்ணு, ரைட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கான்ஸ்டன்ட். பேரோட கடைசியிலயே 'எம்எஸ்'. மேலே ஒரு வரி, இந்த நம்பர் எங்கிருந்து வந்ததுன்னு. 3 செகண்ட் காத்திருந்தா சுத்து தவறிடாதான்னு கேட்பீங்க. தவறாது. எண்ணுறது இன்டரப்ட்ல நடக்குது, பதிவு பஃபர்ல காத்திருக்கும். அப்பவும் எழுத முடியலைன்னா, அந்த நிமிஷத்துக்கு நேரா "பதிவாகலை"ன்னு வரும். "நின்னது"ன்னு வராது.

அப்புறம் சூப்பர்வைசரை வெச்சுக்கிட்டே அண்ணன்கிட்ட சொன்னேன், "தப்பு என்னோடதுங்கண்ணா." அவர் சிரிச்சுட்டு, "அதை அன்னிக்கே சொன்னனுங்களே தம்பி"ன்னார்.

யூனிட் இல்லாத நம்பர் ஒண்ணு உங்க கோடுலயும் இருக்கும். இன்னிக்கு ஒரு தடவை தேடிப் பாருங்க. அதுக்கான விலையை நாம கொடுக்கப் போறதில்லை, நைட் ஷிப்ட்ல நிக்கிற யாரோ கொடுப்பாங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.