முட்டைக் கோதும் வெயிலும்



இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் குடும்பத்துக்கு நெல் ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோதான் பணம் தருகிறது. இடைப்பட்ட நாட்களில் உப்புக்கும் மிளகாய்க்கும், பிள்ளைகளின் கொப்பிக்கும் பென்சிலுக்கும் கைகொடுப்பது முற்றத்துக் கோழியே. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்து மக்கள் ஊர் திரும்பிய பின், தனியொருத்தியாய்க் குடும்பத்தைத் தாங்க நேர்ந்த பெண்கள் பலருக்குக் கோழி வளர்ப்புப் பெருந்துணையாயிற்று. அத்தகைய வீட்டில் நாளுக்கு நான்கு முட்டை உடைந்தால் அது சிறு நட்டமன்று.

அண்மையில் அப்பகுதித் தாய் ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஐயா, என்ரை கோழியள் தோல்முட்டை இடுகுதுகள். இரண்டு மூன்று காலையும் இழுக்குது. ஏதோ ஒரு செடியின்ரை இலையிலை விற்றமின் டி இருக்காம். அதை இடிச்சுத் தீனியிலை கலந்தால் கோது இறுகுமாம். மெய்யோ?”

“மெய்தான் அம்மா; ஆனால் முழுவதையும் கேட்ட பிறகு இலையைப் பறியுங்கள்” என்றேன். அவருக்குக் கூறிய விடையின் விரிவே இன்றைய பேச்சு.

ஒரு முட்டையின் கோதிலே ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் உண்டு. கோழியின் வயிற்றில் அக்கோது உருவாக 20 மணித்தியாலமளவு செல்லும். அதிற் பெரும்பகுதி வேலை இரவிலே நடைபெறுகிறது. நாம் உறங்கும் வேளையில், இரை கொத்தாத கோழி, பகலில் தின்ற சிப்பியிலிருந்தும் தன் எலும்பினுள் இருக்கும் சேமிப்பிலிருந்தும் கல்சியத்தை எடுத்து முட்டைக்குப் போர்வை நெய்கிறது. வரவு குறைந்து செலவு நீடித்தால் கோது மெலியும். பின்னர் எலும்பு தேயும். ஈற்றிற் கால் தாங்காது.

தின்ற கல்சியம் குடலைக் கடந்து இரத்தத்திற் சேருவதற்கு விற்றமின் டி இன்றியமையாதது. சிறகு மூடாத காலின் தோலிலே வெயில் படும்போது, அவ்வெயிலின் ஊதாக்கடந்த கதிர்கள் இச்சத்தைத் தோற்றுவிக்கின்றன. ஆனால் தோன்றியவுடனே அது வேலை செய்வதில்லை. ஈரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் ஒருமுறையும் மாற்றம் பெற்ற பின்னரே அதற்கு முழு வலிமை வருகிறது. உடலிற் கல்சியம் குறைந்தால் சிறுநீரகம் இம்மாற்றத்தைப் பெருக்கும், போதுமானால் சுருக்கும். வயலின் தேவை பார்த்துத் துருசைத் திறந்து மூடும் ஊழியரின் கடமை போன்றது இது. இந்த உவமையை நினைவில் வைத்திருங்கள்.

இனி இலைக்கு வருவோம். பச்சிலைகளில் இச்சத்து இல்லையென்றே பொதுவாகச் சொல்லலாம். வெயிலில் உலர்ந்த புல்லிலும், வெயில் பட்ட காளானிலும் உண்டாவது டி2 என்னும் வகை. அது மனிதருக்கு உதவும். கோழிக்கு மிகச் சிறிதளவே உதவும். கோழிக்கு வேண்டியது டி3. ஆயினும் இப்பொதுவிதிக்கு விலக்கான செடிகள் சில உலகில் உள.

அவற்றுள் ஒன்று தென்னமெரிக்காவின் ஆர்ஜென்டினா நாட்டுத் தாழ்நிலங்களில் வளரும் ‘சொலானம் கிளோகோபில்லம்’. நமது கத்தரிக்கு இனமான செடி இது. இதை மேய்ந்த மாடுகள் உடல் வற்றி, நடை விறைத்து, இரத்தக் குழாய்களிலும் நுரையீரலிலும் சுண்ணாம்பு படிந்து மடிந்தன. காரணத்தை ஆராய்ந்தோர், சிறுநீரகம் இறுதியில் உண்டாக்கும் அதே வலிய விற்றமின் டி, சர்க்கரையோடு பிணைந்த வடிவில் இவ்விலையில் இருப்பதை 1970களிற் கண்டனர்.

மற்றொன்று ‘செஸ்ட்ரம் டையர்னம்’. வட இந்தியாவில் இதனைத் ‘தின் கா ராஜா’, அதாவது பகலின் அரசன், என்பர். வெண்ணிறப் பூப் பூக்கும் இத்தோட்டச் செடி, அமெரிக்காவின் புளோரிடாவிற் குதிரைகளுக்கு இதே கேட்டை விளைத்தது 1975இல் அறியப்பட்டது. குன்னூரில் 1918இல் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கிப் பின்னர் ஐதராபாத்துக்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் இச்செடியை நெடுங்காலம் ஆராய்ந்தனர். இதன் இலையைத் தீனியிற் சேர்க்க முட்டைக் கோதின் தடிப்புக் கூடியதென 2004ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர்.

ஆகவே அந்தத் தாய் கேட்ட செய்தி பொய்யன்று. ஆனால் ஆய்வுகூடத்தார் நிறுத்து அளந்து கொடுத்த இலைக்கும், நாம் கைப்பிடியால் அள்ளிப் போடும் இலைக்கும் பெரும் வேறுபாடுண்டு. இவ்விலையிலுள்ள சத்து முன்னரே மாற்றம் பெற்று வலிமையோடு வருவதால், சிறுநீரகம் என்னும் துருசு ஊழியரின் அனுமதியை அது கேட்பதில்லை. அணையை மேவி வரும் நீர் எதைச் செய்யுமென்பதை 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட கிளிநொச்சி மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிகுந்தால், கோதிற் சேர வேண்டிய சுண்ணாம்பு சிறுநீரகத்திலும் இரத்தக் குழாயிலும் படியும். கோழியைக் காக்கப் போட்ட இலையே கோழியைக் கொல்லும். அளவு குறித்துப் பொதி செய்த செடிச்சாற்றுப் பொருள்கள் வெளிநாடுகளில் விற்பனையாகின்றன. அவற்றைக்கூடக் கால்நடை வைத்தியரின் சொற்படியே கையாள வேண்டும். வேலியோரத்திலே ஒத்த செடியொன்றைக் கண்டு இலை பறிப்பது ஒருபோதும் தகாது.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? அத்தாயின் கோழிகள் கீரிக்கும் பருந்துக்கும் அஞ்சி நாள் முழுவதும் இருண்ட கொட்டிலில் அடைபட்டிருந்தன. தீனியோ தவிடும் குறுநெல்லும் தேங்காய்ப் பிண்ணாக்கும். இவற்றிற் கல்சியம் மிகக் குறைவு. விற்றமின் டி இல்லை. எனவே நான் கூறிய முறை இது.

முதலாவது, கொட்டிலோடு சேர்த்துக் கம்பிவலை அடைப்பொன்று அமையுங்கள். காலை ஒன்பது மணிக்குப் பின் ஒரு மணித்தியாலமேனும் கோழி வெயிலில் நிற்கட்டும். கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்குப் பயன்படாது. அடைப்பின் ஒரு பாதியில் நிழலும் குளிர்ந்த நீரும் இருக்கட்டும். வெப்பத்தால் இளைக்கும் கோழியின் கோதும் மெலியும்.

இரண்டாவது, முல்லைத்தீவுக் கரையோரத்துச் சிப்பி, மட்டி ஓடுகளை உப்புப் போகக் கழுவி உலர்த்தி, பயறளவு துண்டுகளாக இடித்துத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். துண்டாக இருந்தால் வயிற்றில் மெல்லக் கரைந்து இரவு வேலைக்கு உதவும். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே கொத்தும். குஞ்சுகளுக்கு இதனை வைக்கலாகாது. அளவு மிஞ்சிய கல்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மூன்றாவது, வெளியே விட இயலாத கோழிகளுக்கு டி3 சேர்ந்த தீனிக் கலவையை, பொதியிற் குறித்த அளவிலேயே கொடுங்கள். முதலிற் சிறிது தவிட்டோடு நன்கு பிசறி, பின்னர் முழுத்தீனியோடு கலவுங்கள். பொதியை வெப்பமும் ஈரமும் படாமற் காத்திடுங்கள்.

இத்தனையும் செய்து சில வாரங்களிற் கோது இறுகாவிடின், கால்நடை வைத்தியரை நாடுங்கள். ராணிக்கெட் முதலிய நோய்களும் கோதை மெலிவிக்கும், முதுமையும் மெலிவிக்கும்.

நேயர்களே, அரிய இலையொன்று கடல் கடந்து நமக்குப் பாடம் சொல்கிறது. அதன் ஆற்றல் மெய். அதன் அளவோ நம் கையில் இல்லை. அளவறிந்து ஊட்டும் வெயிலோ வன்னி மண்ணில் விலையின்றிக் கிடைக்கிறது. கொட்டிலின் கதவைத் திறந்துவிடுவோம்.